நான்கு என்றால் ஏழு

காக்கி புக்கிட், ஐந்தாம் மாடி.
புதன்கிழமை காலை பழைய கணினி
ஒருமுறை கரகரத்து அடங்கியதாம்.
"டோட்டலி ஸ்பாயில் லா" என்றார் திருமதி குவெக்,
கையில் இன்னும் உரிக்காத கமலா ஆரஞ்சு.

திங்களன்று அறுநூறு பள்ளிச் சின்னங்கள் போயாக வேண்டும்:
பச்சைக் குளம், வெள்ளை அன்னம், அலகில் ஒரு சாவி.
பூத்தையல் எந்திரத்துக்குப் பன்னிரண்டு ஊசி.
அதோடு பேசத் தெரிந்த ஒரே மென்பொருள்
விண்டோஸ் தொண்ணூற்றெட்டுக்கென்று எழுதியது.
எழுதிய கம்பெனி இழுத்து மூடிவிட்டது.
கையேட்டிலுள்ள எண்ணுக்கு அடித்தால்
பல் மருத்துவமனையில் எடுக்கிறார்கள்.

என் மடிக்கணினியில் லினக்ஸ்.
"நடுவுல ஒயின் போட்டா ஓடும்" என்றேன்.
சரக்கு ஏற்ற வந்த மாசிலாமணி திரும்பிப் பார்த்தார்:
"வேலை நேரத்துலயா?"

மென்பொருள் முதலில் சி டிரைவைக் கேட்டது.
இங்கே அப்படி ஒன்று கிடையாது.
கிடையாது என்று சொன்னால் செத்துவிடும்.
ஒரு கோப்புறைக்கு அந்தப் பேரை வைத்து
இதோ என்று காட்டியது ஒயின்.
காம் ஒன்று எங்கே என்றது.
சிம் லிம்மில் எட்டு வெள்ளிக்கு வாங்கிய வயரை
அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட வைத்தேன்.

பாசாங்கு இல்லை இது.
பாசாங்கு செய்வது வேறு ஜாதி நிரல்;
முழுக் கணினி ஒன்றைக் காற்றில் கட்டி
மென்பொருளை அதற்குள் குடிவைக்கும்.
இது எதையும் கட்டுவதில்லை.
வாசலில் நின்று
ஒவ்வொரு கூப்பாட்டையும் காதில் வாங்கி
உள்ளூர்ப் பேச்சில் உள்ளே அனுப்பும்.

"நம்ம கதைதான்னு சொல்லுங்க" என்றார் மாசிலாமணி.
"அண்ணே, லாரிக்கு சம்மன் வெச்சிருவான், போங்க."

எம்எஃப்சி நாற்பத்திரண்டைக் காணோம் என்று நின்றது.
செத்த கணினியைத் திறந்தேன்.
தூசி, ஒரு பல்லி வால், இன்னும் உயிருள்ள வட்டு.
அதிலிருந்து அந்த ஒரு கோப்பை மட்டும் எடுத்து வைத்தேன்.

ஒன்பதரைக்கு ஜன்னல் திறந்தது,
சாம்பல் நிறத்தில், மழுங்காத மூலைகளோடு.
பின்னால் கருந்திரையில் வரி வரியாக
என்னைச் சரிசெய் என்னைச் சரிசெய் என்று
ஒயினின் முனகல்.
ஓட்டத்தை மட்டும் நிறுத்தவில்லை.
வீட்டில் என் மாமியார் ரசம் வைப்பதும் இப்படித்தான்.

ஊசிகள் இறங்கின.
பன்னிரண்டு நிமிடத்தில் முதல் அன்னம்,
கரும்பச்சை.
வெள்ளைக் குளத்தில்.

நான்காம் ஊசியைக் கேட்டால் ஏழு எழுகிறது,
ஏழைக் கேட்டால் நான்கு.
எங்கே மாறுகிறது?
அமைப்புக் கோப்பைத் துழாவினேன்,
வேகத்தைக் குறைத்தேன்,
வயரைப் பிடுங்கிச் செருகினேன்.
இரண்டாம் அன்னமும் பச்சை.
மூன்றாவதும்.
திருமதி குவெக் ஆரஞ்சை உரிக்கத் தொடங்கினார்.

பதினோரு மணிக்குக் கின் மார் எழுந்தாள்.
மூன்று வருடமாக அந்த எந்திரத்தை ஓட்டுபவள்,
அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.
நான்காம் தண்டிலிருந்த வெள்ளை நூற்கண்டை உருவி
ஏழில் வைத்தாள்.
ஏழிலிருந்த பச்சையை நான்கில்.
நூல் நுனியை நாக்கில் நனைத்துக் கோத்தாள்.
என்னைப் பார்த்து முகவாயை அசைத்தாள்:
அழுத்து.

வெள்ளை அன்னம்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.
அவள் முகமூடி நாடாவில் ஒரு துண்டு கிழித்து,
பர்மிய எண்களில் இரண்டை எழுதி,
நடுவில் இரட்டைக் கோடு போட்டு
எந்திரத்தின் நெற்றியில் ஒட்டினாள்.

"எத்தனை நாள் ஓடும்?" என்றார் திருமதி குவெக்.
இந்த நாடா விழும்வரை என்று சொல்ல நினைத்து
"பார்க்கலாம், மேடம்" என்றேன்.
பாதி ஆரஞ்சு என் கைக்கு வந்தது.

சரக்கு லிஃப்ட் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது.
உள்ளே ஊசிகள் தடதடத்தன,
கருந்திரை இன்னும் கெஞ்சிக்கொண்டிருந்தது.
இருபத்தோராவது அன்னம்
பாதிக் கழுத்துவரை வந்திருந்தது.